மறு: பூஞ்சை எலும்புத் தொற்றுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> ‘பூஞ்சை எலும்பு மஜ்ஜை அழற்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆஸ்டியோமைலிடிஸுக்கு ஏற்கெனவே அப்படித்தானே எழுதுகிறோம்?

எழுதுகிறோம், அதுதான் இடிக்கிறது. அழற்சி என்று படித்தவர் உடனே சிவப்பையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தேடுவார். நோயெதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் இவை பல நேரம் தலைகாட்டுவதே இல்லை. மாதக்கணக்கில் தீராத முதுகுவலி. ஸ்கேன் எடுத்தால் முள்ளெலும்பு அரித்துக் கிடக்கும். ஊசி வழியே திசுவை எடுத்து வளர்த்துப் பார்த்த பிறகுதான் எந்தப் பூஞ்சை, கேண்டிடாவா ஆஸ்பர்ஜில்லஸா என்று பெரும்பாலும் உறுதியாகும்.

> நாட்பட்ட குருணைக்கட்டி நோயில் நிலைமை நேர்மாறு ஆயிற்றே?

உண்மை. அந்தப் பிறவிக் குறைபாட்டில் வெள்ளணுக்கள் பூஞ்சையை விழுங்கும். கொல்வதற்கு வேண்டிய ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்கத் தெரியாது. நுரையீரலில் குடியேறிய ஆஸ்பர்ஜில்லஸ் பக்கத்து விலா எலும்புக்கும் முள்ளெலும்புக்கும் நேரே பரவிவிடும். அழற்சியோ அளவு மீறிப் போகும். ஒருவரிடம் காணாமல் போய், இன்னொருவரிடம் கரைபுரளும் ஒன்றைப் பெயரில் ஏற்றினால் பெயர் எதைத்தான் காட்டும்? இருவருக்கும் பொதுவாக இருப்பது தொற்றுதான்.

மஜ்ஜையையும் விட்டுவிடலாம். பூஞ்சை மஜ்ஜையோடு நிற்பதில்லை.

எலும்பையும் மூட்டையும் ஒரே சொல்லில் கட்டும் யோசனைக்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். கேண்டிடா எலும்பில் இருந்தால் மருத்துவ வழிகாட்டுதல் கேட்பது 6 முதல் 12 மாத மருந்து. மூட்டில் மட்டும் என்றால் 6 வாரம். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் கையேட்டைப் புரட்டும் நோயாளிக்கு இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: பூஞ்சை எலும்புத்தொற்று, பூஞ்சை மூட்டுத்தொற்று. ‘என்புத்தொற்று’ கச்சிதமாகத்தான் இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களில் என்பு இன்றும் புழங்குகிறது. ஆனால் மெய்ப்புத் திருத்துபவர் யாராவது அதை ‘அன்புத்தொற்று’ ஆக்கிவிடுவார் என்ற பயம் எனக்கு உண்டு.

எதிர்ப்பாற்றல் குன்றிய நேரம் பார்த்துப் பற்றும் தொற்றைச் ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்று அழைப்பது பற்றிய சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். எல்லோரும் அன்றாடம் மூச்சில் இழுக்கிற வித்துதான் ஆஸ்பர்ஜில்லஸ். காவல் தளர்ந்த உடம்பில் முளைக்கிறது, அவ்வளவே. அது என்ன, கட்சியா தாவியது?