பி.சரா ஓவல்ல இப்ப ஏன் டெஸ்ட் மட்ச் இல்ல?

வெள்ளவத்தைப் பெடியன்:
எங்கட இலங்கை டீம் முதல் டெஸ்ட் விளையாடினது 1982 பெப்ரவரியில இந்தப் பி.சரா ஓவல்ல, அதான் கொழும்பு பொரளை சரவணமுத்து கிரவுண்டில, முதல் டெஸ்ட் வெண்டதும் 1985ல அங்கதான், இந்தியாவை. அப்பா அண்டைக்கு அங்க நிண்டவர், ருமேஷ் ரத்நாயக்க தன்ர பந்திலயே கபில் தேவின்ர கட்ச்சைப் பிடிச்ச உடன பக்கத்தில இருந்த முன்பின் தெரியாத சிங்கள ஐயா ஒருத்தர் அப்பாவைக் கட்டிப்பிடிச்சு அழுதவராம், அடுத்த நாள் நாடு முழுக்க லீவு. அப்பிடிப்பட்ட கிரவுண்டில 2019 நியூசிலாந்து மட்சுக்குப் பிறகு ஒரு டெஸ்டும் இல்ல. ஏன் எண்டு ஆராவது சொல்லுங்கோ, மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

பொரளை அண்ணர்:
தம்பி, அது தமிழ் யூனியன் கிளப்பின்ர கிரவுண்ட், ராத்திரி மட்சுக்கு லைட்டும் இல்ல. 1986ல கெத்தாராமயில பிரேமதாச ஸ்டேடியம் திறந்தாப் பிறகு சனம் அள்ளுற ஒருநாள் மட்ச் எல்லாம் அங்க போட்டுது. டெஸ்டை கொழும்பு எஸ்எஸ்சி கிரவுண்ட், காலி, பல்லேகல எண்டு பிரிச்சுக் குடுக்கினம், அதுவும் வருசத்துக்குக் கொஞ்சம்தானே. எங்கட பங்குக்கு ஒண்டும் மிஞ்சிறேல்ல.

புல்மேட்டுக்காரன்:
அண்ணர் சொல்றது சரி, ஆனா 85ஓட எல்லாம் முடிஞ்ச மாதிரி நினைக்கக் கூடாது. 1948ல பிராட்மன்ர டீம் இங்கிலாந்துக்குக் கப்பல்ல போற வழியில இறங்கி ஆடின இடம், எங்கட கப்டன் சதாசிவம், பிட்ச் ரெண்டு யார் கட்டையா இருந்ததாம். முரளியின்ர கிளப் கிரவுண்டும் இதுதான். 2006ல தென்னாபிரிக்காவோட 352 ஓட்டம் துரத்தினது நான் நேர பாத்தனான், மஹேல 123 அடிச்சிட்டு அவுட், இன்னும் 11 வேணும், பிறகும் விக்கெட் போய்க் கடைசி ஆளா மாலிங்க வந்து நிக்கிறான், எனக்குப் பாக்கேலாமக் கிடந்துது, குனிஞ்சு புல்லைப் புடுங்கிக்கொண்டு இருந்தனான், சத்தத்திலதான் வெண்டது தெரியும். 2015ல சங்கக்காரவின்ர கடைசி டெஸ்டும் இங்கதான். லைட் இல்லாட்டி என்ன, டெஸ்ட் பகல்லதானே, வருசத்துக்கு ஒண்டு குடுக்கலாம்.

வெள்ளவத்தைப் பெடியன்:
நன்றி அண்ணாமார். அப்பாக்கு இப்ப முழங்கால் ஏலாது, எண்டாலும் ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போ எண்டு கேக்கிறார். கிளப் மட்ச் நடக்கேக்க சும்மா உள்ள போகலாமோ?

பொரளை அண்ணர்:
கேற்றில கேட்டுப் பாருங்கோ தம்பி. நிழல் இருக்கிற பக்கமா இருத்துங்கோ அவரை.