பழைய லோட்டஸ் செவன் மாதிரி கிட் கார் (உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டும் கார்) வைத்திருப்பவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

கிராஸ்ஃப்ளோ1600:

நானே ஆரம்பிக்கிறேன். கிளட்ச் மாற்ற இஞ்சினை இறக்கிய பட்டறை, வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றுகிறது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று இன்னொரு தடவை திருப்பினேன், பிளாஸ்டிக் கருகும் வாடை. பானெட் கழற்றித் தரையில் கிடந்ததால் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிளின் கறுப்பு உறை நெடுகப் புகை, அங்கங்கே உறை உருகி உள்ளே இருக்கும் கம்பி பளிச்சென்று தெரிகிறது. பெடலை மிதித்துப் பார்த்தேன், உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அந்தச் சுற்றில் இஞ்சின் பிடித்திருந்தால் த்ராட்டில் முழுக்கத் திறந்த நிலையில் ஷெட்டின் சுவர் வரைக்கும் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

காரணம் உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இஞ்சினுக்கும் சேஸிக்கும் (வண்டியின் சட்டகம்) நடுவில் மின்சாரம் திரும்பப் போகும் எர்த் ஸ்ட்ராப்பை அவர்கள் திரும்பப் போடவே இல்லை. இஞ்சினும் கியர்பாக்ஸும் மின்சாரம் கடத்தாத ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன, ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப ஏதாவது ஒரு உலோகம் வேண்டும், கிடைத்தது இந்தக் கேபிள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மற்றதை பேட்டரி நெகடிவிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

மழைச்சாலை:

என்னுடையது டயர் காற்று. பஞ்சர் ஒட்டிய இடத்தில் நான்கு சக்கரத்துக்கும் 32 பிஎஸ்ஐ அடித்து அனுப்பிவிட்டார்கள், எல்லாக் காருக்கும் அடிப்பதுபோல. இது 550 கிலோ வண்டி, 18லிருந்து 20 போதும். தூறல் விழுந்துகொண்டிருந்தது, ரவுண்டானாவில் மூன்றாம் கியரில், வேகமே இல்லை. இந்த வண்டியில் முன்சக்கரம் இரண்டும் வெளியே கண்ணெதிரே இருக்கும் அல்லவா. அவை இரண்டும் திரும்பி நிற்பதைப் பார்க்கிறேன், வண்டி மட்டும் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற கார்களில் கைக்கு மட்டும் தெரியும் விஷயத்தை இதில் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை. நடைபாதைக் கல்லுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிடி கிடைத்தது.

டீடியான்:

மழைச்சாலை, மன்னிக்கணும், காற்றை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டயருக்கு வயது என்ன? இந்த வகை வண்டிகள் வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும், பளு குறைவு என்பதால் தடமும் தேயாது. பார்க்கப் புது டயர் மாதிரியே இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். நான் வாங்கிய வண்டியிலும் பள்ளம் ஆழமாக இருந்தது, விற்றவர் அதைத்தான் பெருமையாகக் காட்டினார். குளிர்ந்த காலை, காய்ந்த ரோடு, நேர்ச்சாலை, இரண்டாம் கியரில் கொஞ்சம் அழுத்தினேன், வந்த திசையைப் பார்த்து நிற்கிறேன். அவ்வளவுதான் என் கதை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2309 என்றால் 2009ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம். முதலில் அதைப் படியுங்கள், பிறகு காற்றைப் பேசலாம். டயர் மாற்றும்போதே சக்கரக் கோணத்தையும் நான்கு மூலை எடையையும் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் பளு) பார்த்துவிடுங்கள், அதுவும் ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்த நிலையில். 70 கிலோ ஆள் ஏறினால் வண்டி எடையில் எட்டில் ஒரு பங்கு ஒரே பக்கம் வந்து சேர்கிறது, ஆளில்லாமல் சரிபார்த்த அளவு ரோட்டில் செல்லாது. ஸ்பிரிங் உயரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும், டாம்பரை (ஷாக் அப்சார்பர்) அதற்குப் பிறகுதான் தொட வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்னால் கனமான பேட்டரியும் பெரிய ரேடியேட்டரும் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளணும்.

மழைச்சாலை:

என் டயர் அதற்கு முந்தின வருஷம் வாங்கியது. காற்றை 19க்கு இறக்கிவிட்டு அதே ரவுண்டானாவில் அதைவிடப் பெரிய மழையில் போனேன், சொன்ன இடத்தில் திரும்பியது. நீங்கள் சொல்வதும் நிஜம்தான், என் வண்டிக்கு அது பொருந்தாது.

ஃபைபர்விங்:

முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். அந்தப் பட்டறை ஸ்ட்ராப்பை விட்டது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்பதையும் பார்க்கணும். 1957இல் லோட்டஸ் செவன் வந்தபோது பிரிட்டனில் முழுக் காருக்கு பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற வரி உண்டு, உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. 1973இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது, கேட்டர்ஹாம் நிறுவனம் அந்த வண்டியை எடுத்துக்கொண்டதும் அதே வருஷம்தான். செவனும் அதைப் பார்த்து வந்த கிட்களும் ஆளுக்கு ஒரு விதமாக வீட்டு ஷெட்டில் பூட்டியவை. வயரிங் படம் ஒன்று இருக்கும், வண்டியில் வேறொன்று இருக்கும். எந்தப் பட்டறைக்காரரும் வழக்கமான இடத்தில் தேடினால் கிடைக்காது.

என்னை உறுத்துவது பின்விளக்கு. இரவு, பின்னால் வேறு காரில் வந்த நண்பர் போன் செய்து, "நீ பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் சிமிட்டுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்றே தெரியவில்லை" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு லாரி அவரையும் முந்திக்கொண்டு, நான் வலது பக்கம் திரும்பப்போகும் நேரத்தில், என் வலது தோளை உரசுகிற மாதிரிப் போனது. கதவு இல்லாத வண்டி. அந்த டயரின் உயரம் என் தலைக்கு மேல்.

பின் விங் (மட்கார்டு) ஃபைபர்கிளாஸ், அதில் மின்சாரம் பாயாது, விளக்குக்குத் தனியாக எர்த் வயர் போயாக வேண்டும். முதலில் பூட்டியவர் அதை அலுமினியத் தகட்டில் ஒரு ரிவெட்டோடு சேர்த்து முடித்திருந்தார். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும், வெள்ளைப் பொடி பூத்துத் தொடுப்பு விட்டுப்போயிருந்தது. பவுடர் கோட்டைச் சுரண்டி, சேஸியின் இரும்பிலேயே போல்ட் போட்டு, மேலே வாசலின் தடவினேன். கூடவே எல்லா எர்த்தையும் பின்னால் ஒரே இடத்துக்கு இழுத்துவிட்டேன்.

பித்தளைநட்டு:

ட்ரனியன் பற்றி இன்னும் யாரும் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது. பழைய செவன்களிலும் அதே பாணிக் கிட்கள் நிறையவற்றிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான அப்ரைட், டிரையம்ஃப் கம்பெனியின் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் கார்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. கீழ்முனையில் இரும்பு மரை ட்ரனியன் என்ற வெண்கல மூட்டுக்குள் இறங்கியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையிலேயேதான் சுழலும்.

நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் வந்து, ஊருக்குள் நுழைந்து, நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுக்கிறேன். "டக்". பெரிய சத்தம்கூட இல்லை. வண்டியின் இடது மூலை இறங்கியது. எட்டிப் பார்த்தால் சக்கரம் மல்லாந்து கிடக்கிறது, சைக்கிள் விங் அதன் மேல் சாய்ந்து டயரை அழுத்திக்கொண்டிருக்கிறது. இறங்கி நின்று அந்தச் சக்கரத்தையே பார்த்தேன். அரை மணி முன்னால் என் பக்கத்து சீட்டில் தங்கை மகன் இருந்தான், அவனை இறக்கிவிட்டு வந்தேன்.

உடைந்த இடத்தைப் பார்த்தால் கதை முழுக்க அங்கேயே இருந்தது. முக்கால்வாசி துருப்பிடித்த பழைய விரிசல், கால்வாசிதான் அன்று உடைந்த பளபளப்பு. முன்னாள் உரிமையாளர் கிரீஸ் அடித்தே வைத்திருந்தார். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, மேலே இறுகி நிற்கும், கீழே தண்ணீர் தங்கும். டிரையம்ஃப் கையேடு சொல்வது ஈபி90 கியர் ஆயில். தயவுசெய்து கிரீஸ் அடிக்காதீர்கள்.

நீண்டபயணி:

நான் பல காலமாக கிரீஸ்தான் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை கிரீஸ் இல்லை, அடிக்காமல் விடுவது. ஆயில் என்றால் கீழ் சீல் வழியாக ஒழுகிப்போய்விடும், அடுத்த மாதமே வறண்டு நிற்கும். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மேலே பழையது பிதுங்கும் வரை அடித்தால் கிரீஸும் போகும்.

பித்தளைநட்டு:

ஒழுகினால் சீலை மாற்றணும், ஒழுகாத பொருளைத் தேடக் கூடாது. உங்களுடையது உடையவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இருந்தாலும் ஒருமுறை கழற்றி மரையின் கடைசிச் சுற்றுகளைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், குழிகுழியாக அரித்திருந்தால் அப்ரைட்டையே மாற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது இடது, வலது மாறிவிடாமல் பாருங்கள், இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசை.

சைடுபைப்:

சின்ன சம்பவம். அண்ணன் மகளை ஒரு சுற்று அழைத்துப் போனேன். பக்கவாட்டில் போகும் எக்ஸாஸ்ட் பற்றி ஏறும்போதே சொன்னேன், காட்டினேன், அவளும் தலையாட்டினாள். இறங்கும்போது சந்தோஷத்தில் அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே காலைத் தொங்கப்போட்டாள். அந்தச் சத்தம் நடுவில் மாறியதை மறக்க முடியவில்லை. கெண்டைக்காலில் இன்னும் தழும்பு. துளை போட்ட ஸ்டீல் கவசம் இல்லாமல் பயணி யாரையும் ஏற்றாதீர்கள், சொல்லி வைப்பது போதாது.

ஈரச்சம்ப்:

ஆயில் பிரஷர். நீளமான வளைவு, நல்ல பிடி, நான் எதேச்சையாகத்தான் டாஷைப் பார்த்தேன். 50ல் நிற்கும் முள் வழுக்கிக்கொண்டு பூஜ்யத்துக்குப் போய் அங்கேயே நின்றது. வளைவு முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல ஏறி 50க்கு வந்துவிட்டது.

பானெட்டும் தரை இடைவெளியும் தாழ்வு என்பதால் இந்த வண்டிகளில் இஞ்சினடியில் ஆயில் தங்கும் சம்பின் ஆழத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். வண்டி கனமில்லை, பிடி அதிகம், நீண்ட வளைவில் ஆயில் எல்லாம் ஒரு சுவரில் ஏறிக்கொள்ளும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். பேரிங்கையும் அதில் சுழலும் கிராங்க் தண்டையும் பிரித்து வைத்திருப்பது அந்த ஆயில் படலம் மட்டும்தான். சம்பை இறக்கி பிக் எண்ட் ஷெல்களை (கிராங்கைப் பிடிக்கும் பேரிங் தகடுகள்) கழற்றினேன், சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு தெரிந்தது. முன்னால் வைத்திருந்தவர் காலத்திலேயே இது தொடங்கியிருக்க வேண்டும், ஒரே வளைவில் அவ்வளவு தேயாது.

கீல் வைத்த தடுப்புக்கதவுகளுள்ள பேஃபிள் சம்ப் போட்டேன், ஆயிலை எப்போதும் மேல்கோட்டில் வைக்கிறேன். வளைவில் யாரும் மீட்டரைப் பார்க்க மாட்டார்கள், அதனால் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எரியும் பெரிய சிவப்பு விளக்கு ஒன்று நேர் எதிரே. இது எல்லாருக்கும் வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

வெபர்40:

ஈரச்சம்ப் சொன்ன விளக்கை நானும் போடப்போகிறேன். என் கதை பெட்ரோல் குழாய். சிக்னலில் நிற்கிறேன், மூக்கில் பெட்ரோல். பக்கத்து பைக்காக இருக்கும் என்று முதலில் நினைக்கத்தான் தோன்றும். பானெட் இடுக்கு வழியாகப் பார்த்தால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் வளைவில் வியர்வை மாதிரித் துளித்துளியாக அரும்பி, ஒன்று சேர்ந்து, சேஸி குழாயில் சொட்டுகிறது. எலக்ட்ரிக் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவியை அணைத்துவிட்டு ஹாரன் மழைக்கு நடுவில் தள்ளிக்கொண்டு ஓரம் போனேன்.

அந்தக் குழாயை வளைத்தால் மேற்பரப்பு முழுக்க வெடிப்பு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இப்படித்தான் செய்கிறது, ஓடாமல் நின்றால் இன்னும் மோசம். வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட குழாய் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும், உள்ரப்பர் வெடித்தது மேலிருந்து தெரியவே தெரியாது. எத்தனால் தாங்கும் குழாயின் மேலேயே ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்து இல்லாத குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பெட்ரோலுக்கு வேண்டாம். டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து கார்புரேட்டர், எல்லாத் துண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள், டேங்குக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் சேர்த்து. அப்புறம், மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் இல்லாத வண்டி இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள், வயர் இரண்டுதான்.