காசிகுண்டில் டீசல் உறைந்து லாரி நிற்கிறது, உதவி வேண்டும்

குடியாத்தத்திலிருந்து ஸ்ரீநகருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிப் போன எங்கள் லாரி, பனிஹால் சுரங்கம் தாண்டி காசிகுண்டில் நான்கு நாளாக நிற்கிறது. ஓட்டுவது என் மச்சினன். பனி கொட்டியதில் மூடிய ரோட்டை நேற்று திறந்துவிட்டார்கள், வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்து சக்கரம், 2018 மாடல், பிஎஸ்4 (புகை மாசு விதி) இன்ஜின். டேங்க் நிரப்பியது லூதியானா பக்கம். காஷ்மீரில் இப்போது சில்லை கலான், டிசம்பர் 21-லிருந்து 40 நாள் கடுங்குளிர். ராத்திரியில் -6 வரை போகிறதாம். செல்ஃப் மோட்டார் இன்ஜினை நன்றாகச் சுற்றுகிறது, புகையே வரவில்லை. டீசல் ஃபில்டரைக் கழற்றி மச்சினன் வீடியோ காலில் காட்டினான்: மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறையுமே, அதே கதை.

புது ஃபில்டர் போட்டாச்சு. டேங்கிலும் பைப்பிலும் வெந்நீர் ஊற்றியதில் பத்து நிமிடம் ஓடி அணைந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் டயருக்கு அடியில் கண்ணாடியாக உறைந்ததுதான் மிச்சம். பக்கத்து வண்டிக்காரர்கள் டேங்குக்கு அடியில் கரி நெருப்பு வைக்கிறார்கள். நாம் ஏற்றியிருப்பதோ தீப்பெட்டி! கிட்டவே போகாதே என்று சொல்லிவிட்டேன். கூலன்ட் சரியாக இருக்கிறது. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்த, -33 வரை தாங்கும் குளிர்கால டீசல் அவன் கேட்ட பங்க்கில் இல்லை.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் குளிரில் ஓட்டிய அண்ணன்மார்கள் சொல்லுங்கள்: பிஎஸ்4 பம்ப், இன்ஜெக்டர் கெடாமல் 100 லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் வரை கலக்கலாம்?