பஸ் வீட்டுக்கு ஜாக் பலகை எது வாங்கலாம்? மழையில் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது

பஸ்வீட்டுக்காரன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். பழைய டூரிஸ்ட் பஸ் ஒன்றை வாங்கி, மோட்டார்ஹோமாக மாற்றி, ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியெல்லாம் முடித்து இப்போதுதான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறோம். 12 மீட்டர் நீளம், பின்னால் இரட்டை டயர், நான்கு மூலையிலும் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக். போன மாதம் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போனோம். தொழிலாளர் குடியிருந்த லயத்தையெல்லாம் இடித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டுவிட்டார்கள், கோயில் மட்டும் நிற்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை பழைய ஆட்கள் அங்கேதான் கூடுவோம். முன்பு பெரட்டு எடுத்த (வேலைக்கு ஆள் கணக்கெடுத்த) திடலில் வண்டியை நிறுத்தி, ஜாக்குக்கு அடியில் ஒன்றோடொன்று மாட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் படுத்தோம்.

சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குச் சமையல் மேடையில் இருந்த சில்வர் சொம்பு உருண்டு விழுந்த சத்தத்தில் எழுந்தேன். இடது பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, பாத்ரூம் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாக் கால் ஒரு சாண் உள்ளே போயிருக்கிறது, மேல் கட்டை அப்பளம் மாதிரி நாலாக நொறுங்கி, அதன் துண்டுகள் ஜாக்கின் பாதத்தைச் சுற்றிச் சேற்றில் செருகி நிற்கின்றன.

அதே கட்டையில் இன்னும் நாலு செட் வாங்கி அடுக்கலாமா, இல்லை ஜாக்குக்கு அடியில் வைக்கிற பெரிய பலகை, ஜாக் பேட், வாங்கலாமா? வீட்டுக்காரி சொம்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கம்பத்துப்பையன்:
அண்ணே, இவ்வளவு யோசிக்கணுமா? வீடு கட்டுகிற சிமெண்டுக் கல் வையுங்கள், பத்து காசு செலவில்லை.

கிரேன்காரன் (கிள்ளான்):
தம்பி, அந்தக் கல்லைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதே. ஓட்டைக் கல் சுவரில் வரிசையாக இருக்கும்போது தாங்கும், ஒரு புள்ளியில் டன் கணக்கில் இறக்கினால் முன்கூட்டி வளையாது, கீறாது, ஒரே நொடியில் வெடிக்கும். மரமாவது முனகிக் காட்டும்.

பஸ்வீட்டு அண்ணே, எது வாங்கலாம் என்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வண்டியின் எடை எவ்வளவு, முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக? அப்புறம் அச்சுக்கு மேல் வண்டியைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்கா, காற்றுப் பலூனா?

பஸ்வீட்டுக்காரன்:
எடைக்குப் பக்கத்துச் செம்பனை ஆலையில் தெரிந்தவரைப் பிடித்து எடைமேடையில் ஏற்றினேன். முன்னால் பழக்குலை லோரி, பின்னால் பழக்குலை லோரி, நடுவில் திரை போட்ட என் வண்டி, மேடைக்காரர் சிரித்தே ஓய்ந்தார். முன் அச்சு 4,900 கிலோ, பின் அச்சு 9,200 கிலோ, மொத்தம் 14,100. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பலூன்தான்.

கிரேன்காரன்:
சரி, இப்போது பேசலாம். நான் பார்ப்பது கிரேன் வேலை. உங்கள் வண்டிக்கும் எங்கள் கிரேனுக்கும் கால் ஒரே ஜாதிதான், எங்களுடையது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

முதலில் பலூன். ஜாக் இறக்குவதற்கு முன்னால் காற்றை வெளியே விட்டு உடம்பைக் கீழே உட்கார வைத்தீர்களா? விடாமல் ஜாக் போட்டிருந்தால், ராத்திரி பலூன் மெதுவாகக் கசியக் கசிய அது தாங்கிய எடையும் ஜாக் மேல் வந்து சேரும். படுக்கும்போது சரியாக இருந்து மூன்று மணிக்குச் சாய்ந்ததற்கு மழை பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

அப்புறம் கணக்கு. பின் அச்சின் எடையை இரண்டு பின் ஜாக்கும் முழுதாக வாங்கினால் ஆளுக்கு 4,600 கிலோ. டயரும் கொஞ்சம் தாங்கும், ஆனால் மோசமான நிலைமைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். உங்கள் ஜாக்கின் பாதம் 9 அங்குல வட்டமா? அப்படியானால் சுமார் 410 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 11 கிலோ. பஸ் டயரே ஏறக்குறைய 8 கிலோ காற்றில் ஓடுகிறது, அதைவிட அதிக அழுத்தத்தை நனைந்த புல்தரையில், அதுவும் நகராமல் ராத்திரி முழுக்க வைத்திருக்கிறீர்கள், இறங்காமல் என்ன செய்யும்? அதே எடையை 50க்கு 50 சென்டிமீட்டர் பலகையில் பரப்பினால் 1.8 கிலோதான். 60க்கு 60 என்றால் 1.3. உங்கள் ஊர்ச் செம்மண் காய்ந்திருந்தால் இரண்டையும் தாங்கும், மழையில் ஊறிவிட்டால் நான் 60தான் போடுவேன்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அகலமாக இருந்தால் போதாது, தடிமனும் வேண்டும். அரை அங்குலப் பிளைவுட்டை 60 சென்டிமீட்டருக்கு அறுத்து வைத்தால், ஜாக் அதை நடுவில் சாம்பார்க் கிண்ணம் மாதிரிக் குழித்துவிடும், ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு சும்மா நிற்கும். பலகையின் தடிமன் கூடக் கூடத்தான் பாதத்தின் ஓரத்திலிருந்து எடை வெளியே பரவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரே பலகையாக வேண்டியதில்லை, கீழே 60, அதன் மேல் நடுவில் 40, இரண்டும் 5 சென்டிமீட்டர் தடிமன். ஜாக் அதன் மேல். இன்னொரு லாபம், ஜாக் தண்டு வெளியே நீளும் தூரம் 10 சென்டிமீட்டர் குறையும். தண்டு எவ்வளவு குறைவாக வெளியே வருகிறதோ அவ்வளவு உறுதியாக நிற்கும், வண்டி லேசாக நகர்ந்தாலும் ஜாக்கில் எண்ணெயை அடைக்கிற சீல் அடிவாங்காது.

பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அது உள்ளே கூடு கூடாக வெற்றாக இருக்கும், தார் ரோட்டில் சின்ன வேனின் டயருக்கு அடியில் அழகாக வேலை செய்யும். உங்களுக்கு அது வாசல் படிக்கு வைக்கத்தான்.

பலகைக்காரி (தைப்பிங்):
எங்கள் ஊரில் மழையைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பால்மர (ரப்பர் மர) பலகையை வாங்கிவிடாதீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பாசம், மேசை நாற்காலிக்கு நல்ல மரம்தான், ஆனால் ஈரத்தில் போட்டால் பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். செங்கால், அது கிடைக்கவில்லையென்றால் கெம்பாஸ் கேளுங்கள், இரண்டும் நம் நாட்டுக் கெட்டி மரம். கெம்பாஸ்தான் ரயில் தண்டவாளத்துக்கு மருந்தேற்றிப் போட்ட மரம், பழைய தண்டவாளக் கட்டை கிடைத்தால் அதுவே போதும், ஆனால் பழைய ஆணி பார்த்து அறுக்கச் சொல்லுங்கள், பிளேடு போனால் பட்டறைக்காரர் உங்களைத் திட்டுவார்.

ஒரே பலகையாக வைத்தால் நரம்பு வழியாகப் பிளக்கும். இரண்டு அடுக்கு, ஒன்றின் நரம்பு நெடுக்கே, அடுத்ததன் நரம்பு குறுக்கே, இரண்டையும் சேர்த்துப் போல்ட் போடுங்கள், அதன் தலை உள்ளே புதைய வேண்டும். எடை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், 60க்கு 60க்கு 5 சென்டிமீட்டர் செங்கால் ஒன்று 17 கிலோ வரும். நாலு மூலைக்கும் வைத்து எடுக்க இடுப்பு வேண்டும்.

கிரேன்காரன்:
அக்கா சொல்வது சரி. எச்டிபிஇ என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கும் அதே அளவுக்கு ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் அழுகாது, தண்ணீர் குடிக்காது, பிளக்காது. கேட்கும்போது உள்ளே வெற்றில்லாத கெட்டித் தகடு என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒரே குறை, நனைந்தால் வழுக்கும். சொரசொரப்பான முகம் உள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் மேலே பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒரு துண்டு. ஆலையில் ஆள் தெரியும் என்றீர்களே.

கடற்கரைலோரி (சித்தியவான்):
எல்லாரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அண்ணே, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினீர்களா?

பஸ்வீட்டுக்காரன்:
இடது பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது. திடல் அந்தப் பக்கம் சரிவு.

கடற்கரைலோரி:
அதைத்தான் பயந்தேன். பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் 14 டன் வண்டியை ஜாக் கால்கள் மட்டும்தான் பிடித்து நிற்கின்றன, அவை மேலும் கீழும் தாங்கச் செய்தவை, முன்னும் பின்னும் இழுத்தால் மடங்கும். நான் லுமுட் பக்கம் மணலில் இப்படி ஒரு வண்டி அரை அடி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், உள்ளே ஆள் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

சரிவாக இருந்தால் முதலில் தாழ்ந்த பக்கத்து டயருக்கு அடியில் பலகை போட்டு வண்டியை அதன் மேல் ஏற்றுங்கள், மீதி ஒன்றிரண்டு அங்குலத்துக்குத்தான் ஜாக். பின்னால் இரட்டை டயர் என்பதால் பலகை இரண்டு டயருக்கும் சேர்த்து அகலமாக இருக்க வேண்டும், 65 சென்டிமீட்டர் வையுங்கள். ஒரு டயர் பலகையிலும் இன்னொன்று காற்றிலும் நின்றால் அந்த ஒரு டயர் இரண்டின் எடையையும் சுமக்கும். டயர் பலகையின் ஓரத்துக்கு வெளியே தொங்கவும் கூடாது. ஏறிய பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையவே கூடாது, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பஸ்வீட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. காற்றை விடவில்லை என்பது உண்மை, கிரேன் அண்ணன் கேட்டபோதே முகம் சுண்டிப்போனது.

ஜாக்குக்குக் கெம்பாஸ் இரண்டடுக்கு 60 சென்டிமீட்டரில் நாலு, 40இல் நாலு, டயருக்கு 65 அகலத்தில் நீளப் பலகை இரண்டு. ஒரு மூலை பெல்ட் ரப்பருடன், மூன்று மூலை ரப்பர் இல்லாமல், வித்தியாசம் பார்க்கலாம் என்று. வீட்டுக்குப் பின்னால் புல்லைச் செதுக்கி, மண்ணைச் சமமாக வழித்து, காற்றை விட்டு, நாலு காலையும் இறக்கி மூன்று நாள் விட்டேன். இரண்டு சாயங்காலம் நல்ல மழை. பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன், மோசமான மூலையில் முக்கால் அங்குலம், மற்றதெல்லாம் அரை அங்குலத்துக்குள். ரசமட்டத்தின் குமிழி அசையவில்லை. ரப்பர் இல்லாத மூலையில் ஒன்றில் பாதம் விரல் அகலம் நகர்ந்திருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. ஜாக்கை மேலே ஏற்றிவிட்டேன், கீழ்ப் பலகை நாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.

பலகைக்காரி:
மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினீர்களா இல்லையா?

பஸ்வீட்டுக்காரன்:
இல்லை.

கிரேன்காரன்:
நடுவில் பிடித்துத் தூக்காதீர்கள், சேறு உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்புங்கள், காற்று உள்ளே போனதும் தானாக விடும்.

பஸ்வீட்டுக்காரன்:
மூன்று வந்துவிட்டது. நாலாவதற்கு வீட்டுக்காரியும் கடப்பாரையைப் பிடிக்கிறாள், இப்போது பேசுகிறாள், என்ன சொல்கிறாள் என்று இங்கே எழுத முடியாது.