பிளாசா கடை போர்டு: சிட்டி டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டது, அடுத்து என்ன?

மளிகைக்காரர்:
கலிபோர்னியாவில் ஒரு ஸ்ட்ரிப் மாலில் மளிகைக் கடைக்கு இடம் பிடித்திருக்கிறோம். முகப்பு 24 அடி. சிட்டி கணக்கில் அடிக்கு ஒரு சதுர அடி, அதாவது 24 சதுர அடி போர்டு வைக்கலாம். மேலே தமிழ் 14 அங்குலம், கீழே ஆங்கிலம் 10 அங்குலம், இரண்டு வரியும் 12 அடி நீளம். சைன் கம்பெனி 24 சதுர அடி என்றுதான் போட்டது. சிட்டியின் பிளானிங் பிரிவில் 28 என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். ரேஸ்வே கூடாது, லேண்ட்லார்ட் கையெழுத்து இல்லை என்றும் குறிப்பு. எதிலிருந்து ஆரம்பிப்பது? தமிழ் எழுத்தால்தான் இழுக்கிறார்களா?

சேனல்லெட்டர்:
28 எங்கிருந்து வந்தது என்றால், வரிகளுக்கு நடுவே 4 அங்குல இடைவெளி விட்டிருப்பார்கள். 14, 4, 10 சேர்ந்தால் 28 அங்குலம். 12 அடியால் பெருக்கினால் 28 சதுர அடி. சைன் கம்பெனி வரிக்கு ஒரு கட்டம் போட்டு இடைவெளியை விட்டுவிட்டது. உங்கள் சிட்டி மொத்தத்துக்கும் ஒரே கட்டம் போடுகிறது. முனிசிபல் கோடில் 'சைன் ஏரியா' விளக்கத்தைப் பாருங்கள். ஊருக்கு ஊர் மாறும். வாதாட வேண்டாம், முழு டிசைனையும் 11 அடிக்குச் சுருக்குங்கள். உயரம் 25.7 அங்குலமாகும், பரப்பு 23.5 சதுர அடிதான்.

14 அங்குலம் என்பது எதிலிருந்து எதுவரை என்றும் கேளுங்கள். 'ளி'யின் மேல்சுழியும் 'கு'வின் அடிவளைவும் உயரத்தில் சேரும். எழுத்தின் உடலை மட்டும் அளந்திருந்தால் அடுத்த சுற்றிலும் திரும்பி வரும்.

ரேஸ்வே என்பது எழுத்துகளுக்குப் பின்னால் ஓடும் நீளப் பெட்டி. ஒயரும் பவர் சப்ளையும் அதற்குள் இருக்கும். அது கூடாதென்றால் ஒவ்வொரு எழுத்தையும் சுவரில் நேராகப் பொருத்தி, ஒயரை உள்பக்கம் கொண்டுபோக வேண்டும். தமிழில் சிக்கலே புள்ளிதான். தனித்துண்டு என்பதால் அதற்குத் தனி ஓட்டை, தனி ஒயர். இந்த அளவில் புள்ளி இரண்டு அங்குலம்கூட வராது, எல்இடி மாட்யூல் உட்காராது. தடித்த எழுத்துரு எடுத்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி வரையச் சொல்லுங்கள். இல்லையென்றால் பகலில் 'க்' ஆக இருப்பது ராத்திரி 'க' ஆகிவிடும்.

பெர்மிட்_கவுண்டர்:
முதலில் லேண்ட்லார்டிடம் அந்த பிளாசாவின் மாஸ்டர் சைன் புரோகிராமை, அதாவது எல்லாக் கடை போர்டுக்குமான பொது விதித் தொகுப்பை, கேட்டு வாங்குங்கள். எழுத்து உயரம், நிறம், ரேஸ்வே தடை எல்லாம் பெரும்பாலும் அதில் இருப்பவை. கையெழுத்தை ஈமெயிலில் வாங்காமல் டிராயிங் பக்கத்திலேயே வாங்குவது நல்லது. திருத்தியதும் ஒருமுறை வாங்க வேண்டும். பழைய தாளில் போட்டது செல்லாது. புரோகிராமுக்குள் அடங்கினால் பெரும்பாலும் பிளானரே முடித்துவிடுவார். அதை மீறத்தான் வேண்டும் என்றால் புரோகிராமைத் திருத்த லேண்ட்லார்ட்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹியரிங் வரை போகலாம், மாதக்கணக்கில் இழுக்கும். நாலு சதுர அடிக்கு அது வேண்டாம்.

பிளானிங் முடிந்தாலும் பில்டிங், எலக்ட்ரிக்கல் பாக்கி. போர்டுக்கென்று 20 ஆம்ப் சர்க்யூட், போர்டு கண்ணில் படும் இடத்தில் டிஸ்கனெக்ட் சுவிட்ச், யூஎல் லேபிள் (மின் பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான முத்திரை), இருட்டினால் எரிந்து நேரமானால் அணையும் கட்டுப்பாடு, இவற்றைப் பார்ப்பார்கள். மாட்டுபவரிடம் சி-45 என்ற போர்டு கான்ட்ராக்டர் லைசென்ஸ் இருக்க வேண்டும். சென்னையில் மலிவாகச் செய்து கப்பலில் கொண்டுவரலாம் என்று பலர் கேட்பதுண்டு. லேபிள் இல்லாத எழுத்து இன்ஸ்பெக்‌ஷனில் தேறாது. இங்கே ஆய்வுக்கூடத்தை வரவழைத்துச் சோதித்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே டிராயிங்கில் காட்டுங்கள்.

ஊர்க்குருவி:
மொழி பற்றி: தமிழுக்காகச் சிட்டி தடுக்க முடியாது. பொமோனா நகரம் அயல் எழுத்து உள்ள போர்டில் பாதி ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1989ல் ஃபெடரல் கோர்ட் அதை ரத்து செய்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசாங்கத்துக்கு எதிராகத்தான். லேண்ட்லார்ட் லீஸில் 'ஆங்கிலம் கட்டாயம்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தால் கதை வேறு. லீஸைப் படித்துவிடுங்கள்.

பெயரை டிரேட்மார்க் பதிவு செய்திருக்கிறீர்களா? பிளாக்பஸ்டர் வீடியோ கடை வழக்கில் 1998ல் ஒன்பதாவது சர்க்யூட் (மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) சொன்னது: அரிசோனாவின் டெம்பி நகரம் பதிவான மார்க்கை ஓரிடத்தில் வைக்கக் கூடாது என்று தடுக்கலாம், ஆனால் நிறத்தை மாற்றி வை என்று சொல்ல முடியாது. கலிபோர்னியாவும் அதே சர்க்யூட். நியூயார்க்கில் இது எடுபடாது; அங்கே ஹென்ரியெட்டா என்ற ஊரின் வழக்கில் 1999ல் தீர்ப்பு நகரத்தின் பக்கம் போனது.

மளிகைக்காரர்:
பதிவு செய்யவில்லை. லீஸில் மொழி பற்றி எதுவும் இல்லை. 11 அடிக்குச் சுருக்கி, ரேஸ்வே இல்லாமல் புது டிராயிங் கேட்டிருக்கிறேன். தமிழ் வரிக்கு மொழிபெயர்ப்பு கொடுக்க வேண்டுமா?

பெர்மிட்_கவுண்டர்:
கேட்காவிட்டாலும் டிராயிங் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பிளானர் அதற்காக ஒரு ஈமெயில் அனுப்பி, பதிலுக்காக ஃபைல் ஒரு வாரம் தூங்குவது மிச்சம். எழுத்துகளைச் செய்ய ஆர்டர் கொடுப்பது மட்டும் பெர்மிட் கையில் வந்த பிறகு.