பொருள்: மறு: மறு: வேரியன்ஸுக்கு ஒரே சொல் – ‘விலக்கவர்க்கம்’

அனைவருக்கும் வணக்கம்.

தரவுகள் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கமாக்கி, அவற்றுக்குச் சராசரி எடுத்தால் கிடைப்பது வேரியன்ஸ் (variance). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடலிழையில் இதுவரை வந்தவை பரவற்படி, மாறுபாடு, மாறற்றிறன், விலக்க வர்க்கச் சராசரி. நான்குமே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, சிக்கலும் அங்கேதான். தமிழ்நாட்டில் ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரி என்று படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் அதுவே பரவற்படி ஆகிவிடுகிறது. கல்லூரியில் ஒருவர் மாறுபாடு என்பார், இன்னொருவர் வேரியன்ஸ் என்றே சொல்லிவிட்டுப் போவார். இலங்கையில் உயர்தரம் படிப்பவருக்கு அது மாறற்றிறன். நான்கும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

பத்தாம் வகுப்புச் சொல்லைச் சுருக்கி, ‘விலக்கவர்க்கம்’ என்று ஒரே சொல்லாக்கிக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. இந்த அளவைக்கு முதலில் பெயர் வைத்தவர் எதற்காக வைத்தார் என்று பார்த்தால் என் காரணம் விளங்கும்.

வேரியன்ஸின் வர்க்கமூலமான திட்ட விலக்கம் (standard deviation) என்ற கருத்துக்கு 1890-களிலேயே புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் பெயர் கொடுத்துவிட்டார். அதன் வர்க்கத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று 1918-இல் சொன்னவர் இன்னொரு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். எடின்பரோ ராயல் சொசைட்டி வெளியிட்ட மரபியல் கட்டுரை அது. உறவினருக்கிடையே உயரம் போன்ற பண்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மெண்டலின் விதிகளைக் கொண்டு விளக்க முயன்றார். ஒன்றையொன்று சாராத இரண்டு காரணங்களால் ஒரு பண்பு வேறுபடுமானால் அவற்றின் திட்ட விலக்கங்களைக் கூட்ட முடியாது. வர்க்கங்களைத்தான் கூட்ட முடியும். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதற்கும் வர்க்கம்தான் உதவும். ஆகவே அந்த வர்க்கத்துக்கே ஒரு பெயர் வைத்தார்.

வகுப்பில் மாணவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். பேருந்துப் பயண நேரத்தின் திட்ட விலக்கம் 3 நிமிடம், அதன்பின் ஏறும் ரயிலுக்கு 4 நிமிடம், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வோம். மொத்தப் பயண நேரத்தின் திட்ட விலக்கம் என்ன என்று கேட்டால், பாதி வகுப்பு 7 என்று எழுதும். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி, 25-க்கு வர்க்கமூலம் எடுத்து, 5 நிமிடம் என்று சொல்ல வேண்டும். அலகும் கூடவே வருகிறது: விலக்கம் நிமிடத்தில், விலக்கவர்க்கம் சதுர நிமிடத்தில். பெயரிலேயே வர்க்கம் இருந்தால் எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக்கூடாது என்பது நாக்கில் வரும்போதே நினைவுக்கு வரும். பரவற்படியும் மாறுபாடும் அந்த உதவியைச் செய்வதில்லை. (பரவற்படியில் உள்ள ‘படி’ இருபடியைத்தான் குறிக்கிறது என்று ஒரு மடல் விளக்கியது. விளக்கினால் புரிகிறது. ஆனால் பயணப்படி, பஞ்சப்படி என்று தினமும் கேட்கும் காதுக்கு அது தானாக எட்டாது.)

>> வர்க்கம் என்பது கணக்கிடும் வழியைச் சொல்கிறது. அளவையின் பொருளைச் சொல்லவில்லை. மாறுபாடு என்றால் பாமரருக்கும் புரியும்.

அந்த எளிமைதான் இடிக்கிறது, ஐயா. மாறுபாடு எல்லாருக்கும் புரியும், ஆனால் ஆளுக்கொன்றாகப் புரியும். ஓர் உண்மையான கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் 1898-இல் வெளியிட்ட பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கு புள்ளியியல் படித்த எல்லாருக்கும் தெரிந்தது. 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகள், 10 படைப்பிரிவுகள், ஆக 200 பதிவுகள். குதிரை உதைத்து ஓர் ஆண்டில் ஒரு பிரிவில் எத்தனை வீரர்கள் இறந்தார்கள் என்பதுதான் தரவு. 109 பதிவுகளில் யாரும் சாகவில்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒரே ஒரு பதிவில் நால்வர். மொத்த இறப்பு 122, சராசரி 0.61. ஒவ்வொரு எண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 196 வருகிறது. அதை 200-ஆல் வகுத்தால் 0.98. அதிலிருந்து 0.61-இன் வர்க்கமான 0.3721-ஐக் கழித்தால் 0.6079. சராசரி 0.61, இதுவும் கிட்டத்தட்ட 0.61. பாய்சான் பரவலின் அடையாளமே இந்தச் சமம்தான். அரிதாக, ஒன்றையொன்று சாராமல், ஒரே சீரான வாய்ப்பில் நிகழும் எண்ணிக்கைகள் இப்படித்தான் அமையும்.

இனி இதை வாக்கியமாக எழுதுங்கள். ‘குதிரை உதை இறப்புகளில் சராசரியும் மாறுபாடும் சமம்’ என்றால், புதிதாகப் படிப்பவர் எதற்கும் எதற்கும் இடையே மாறுபாடு என்று கேட்பார். படைப்பிரிவுகளுக்கிடையேயா, ஆண்டுகளுக்கிடையேயா? ‘சராசரியும் விலக்கவர்க்கமும் சமம்’ என்றால் அந்தக் கேள்வியே எழாது. இது பேச்சுவழக்குச் சொல் இல்லை, ஒரு குறிப்பிட்ட அளவை என்று தெரிந்துவிடும்.

மாறுபாட்டுக்கு எதிராக இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முடிவான காரணம். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவதைப் பத்தாம் வகுப்பிலேயே மாறுபாட்டுக் கெழு என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்தக் கெழுவில் வர்க்கமே இல்லை. மாறுபாடு என்ற பெயரை வேரியன்ஸுக்குக் கொடுத்தால், மாறுபாட்டுக் கெழுவைக் கணக்கிட மாறுபாட்டைப் பயன்படுத்தாதே என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்ல வேண்டியிருக்கும்.

பரவற்படியை ஆதரித்து எழுதிய அக்காவுக்கு ஒரு வாக்கியம் மட்டும். ‘கோஷிப் பரவலுக்குப் பரவற்படி கிடையாது.’ (கோஷிப் பரவல், Cauchy distribution, மிக நீண்ட வால்கள் கொண்ட ஒரு நிகழ்தகவுப் பரவல்.) கணிதப்படி சரியான வாக்கியம்தான், ஆனால் படித்தவுடன் தன்னையே மறுப்பதுபோல் இருக்கிறது. காரணம், முதலில் வரும் பரவல் நிகழ்தகவு எப்படிப் பகிர்ந்து கிடக்கிறது என்பதைச் சொல்கிறது. அடுத்து வருவது எவ்வளவு அகலமாகச் சிதறியிருக்கிறது என்பதை. ஒரே வேர்ச்சொல்லை இரண்டுக்கும் கொடுத்துவிட்டோம். இலங்கை வழக்கில் பரம்பல் என்று வேறு சொல் இருப்பதால் அவர்களுக்கு இந்த இடர் இல்லை. ‘கோஷிப் பரவலுக்கு விலக்கவர்க்கம் கிடையாது’ என்று எழுதினால் முரண் மறைவதோடு காரணமும் தெரிகிறது. கோஷிப் பரவலுக்குச் சராசரியே வரையறுக்க முடியாது. சராசரியே இல்லாதபோது எதிலிருந்து விலக்கத்தை அளப்பது?

மாறற்றிறனைத் தள்ளுவதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் கணிதத்தையும் அறிவியலையும் தொடர்ந்து தமிழில் படித்துத் தேர்வெழுதிய மரபில் நிலைத்த சொல் அது. அழகும் இருக்கிறது. மின்னழுத்தச் சைகைகளில் மாறாத நேர்த்திசைப் பகுதியை (DC) நீக்கிவிட்டால், எஞ்சும் சைகையின் விலக்கவர்க்கம்தான் ஓர் ஓம் மின்தடையில் அதன் சராசரித் திறன். பொறியாளருக்கு மாறற்றிறன் என்ற சொல் சட்டெனப் பொருந்தும். ஆனால் இந்தப் பொருத்தம் தமிழ்நாட்டு இயற்பியல் வழக்குக்கு மட்டுமே. இலங்கை இயற்பியலில் அந்தத் திறனுக்கு வலு என்று பெயர். அந்தச் சொல் பிறந்த இடத்தில் திறன் என்றால் ஆற்றல், தகுதி என்ற பொதுப்பொருள்தான். விலக்கம், விலகல், வர்க்கம், வர்க்கமூலம் ஆகியவையோ இரு கரைக்கும் பழகியவை. திட்ட விலக்கம் என்று படித்தவரும் நியம விலகல் என்று படித்தவரும் விலக்கவர்க்கத்தை விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். புதிய கட்டுரைகளில் முதன்முறை வரும்போது ‘விலக்கவர்க்கம் அல்லது மாறற்றிறன்’ என்று இரண்டையும் எழுதுவோம். பழைய நூல்களோடு உறவு அறுந்துவிடக் கூடாது.

>> வர்க்கம் வடசொல். தொழிலாளர் வர்க்கம் என்றும் பொருள்படும். இருபடி விலக்கம் எனலாமே?

எனக்கும் தமிழ்வேரில் ஆசை உண்டு. ஆனால் வர்க்கமூலம் அப்படியே இருக்கும்போது, விலக்கவர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் என்ற தொடரில் உள்ள ஒத்திசைவை நான் இழக்க விரும்பவில்லை. இருபடி மூலம் வேரூன்றிய பிறகு இதையும் மாற்றிக்கொள்வோம்.

சராசரி என்ற பகுதியை வெட்டிவிட்டால், ஒரே ஒரு தரவின் விலக்கத்தை வர்க்கமாக்கியது என்று தவறாகப் புரியாதா என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி. ஒற்றைத் தரவுக்கு விலகல், பரவலின் அளவைக்கு விலக்கம் என்று பிரித்து வைப்போம். திட்ட விலக்கமும் சராசரி எடுத்த பிறகு கிடைப்பதுதான். அதன் பெயரிலும் சராசரி இல்லை, யாரும் குழம்பியதில்லை.

எதிர்பார்ப்பு (expectation, பலமுறை நிகழ்த்தினால் கிடைக்கும் சராசரி) பற்றிச் சிறிதாக. பகடையின் எதிர்பார்ப்பு 3.5, ஆனால் எந்த முகத்திலும் 3.5 விழாது, ஆகவே சொல்லை மாற்றுங்கள் என்று ஒரு மடல் வந்தது. இந்தச் சொல் ஹைகன்ஸ் 1657-இல் எழுதிய பகடைக் கணக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்தே வருகிறது. ஆட்டத்தில் ஒருவர் கையிலுள்ள வாய்ப்பின் மதிப்பைத்தான் அது குறித்தது. அடுத்து என்ன விழும் என்ற ஊகத்தை அல்ல. எதிர்பார்ப்பு அப்படியே இருக்கட்டும். வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னால் போதும்.

இரண்டு மாறிகள் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்பதை அளக்கும் கோவேரியன்ஸ்தான் (covariance) உண்மையில் கடினம். இணைவிலக்கவர்க்கம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீட்டினேன். வர்க்கம் எதிர்மம் ஆகாது, கோவேரியன்ஸ் ஆகும். விலை ஏற ஏற விற்பனை இறங்கினால் அது எதிர்மமாகத்தான் வரும். அங்கே இரண்டு மாறிகளின் விலகல்களைப் பெருக்குகிறோம்; ஒன்றையே இருமுறை பெருக்கும்போதுதான் வர்க்கம் பிறக்கிறது. எனவே ‘இணைவிலக்கம்’ போதும். ‘ஒரு மாறி தன்னோடே கொண்ட இணைவிலக்கம் அதன் விலக்கவர்க்கம்’ என்று சொன்னால் வரையறையே வாக்கியமாகிவிடுகிறது. புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936-இல் தந்த தொலைவை ‘இணைவிலக்க அணியின் நேர்மாறைக் கொண்டு அளப்பது’ என்று எழுதலாம். சி. ஆர். ராவ் 1945-இல் நிறுவிய எல்லையை ‘சாய்வற்ற எந்த மதிப்பீட்டின் விலக்கவர்க்கமும் இந்த எல்லைக்குக் கீழே இறங்காது’ என்று எழுதலாம். ஃபிஷரின் அனோவா (ANOVA, analysis of variance) ‘விலக்கவர்க்கப் பகுப்பாய்வு’. அங்கே பகுக்கப்படுவது வர்க்கங்களின் கூடுதலே என்பதால் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

மறுப்பு உள்ளவர்கள் தங்கள் சொல்லை வைத்து மேலே உள்ள மூன்று வாக்கியங்களையும், கோஷி வாக்கியத்தையும், குதிரைப்படைக் கணக்கையும் எழுதி இந்த இழையிலேயே அனுப்புங்கள். விலக்கவர்க்கத்தைவிட நன்றாக ஓடும் சொல் வந்தால் அதையே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவோம்.

அன்புடன்