குவளையின் அடியில் சிங்கம், பூனை முகம், 'எம்' எழுத்து: இது 1807ஆ?

நீலகிரிவாசி எழுதியது:

வணக்கம். என் தாத்தா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போன, வெள்ளி போலத் தெரியும் சாமான்கள் சில எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அம்மா இப்போது வீட்டை ஒழிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று சாமான்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, உள்ளங்கையில் அடங்கும் பால்குவளை. அடியில் ஒரே வரிசையில் ஐந்து சிறு முத்திரைகள்: முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், பூனை முகம் போன்ற ஒன்று, 'எம்' என்ற பெரிய ஆங்கில எழுத்து, நீள்வட்டத்துக்குள் பெண் தலை ஒன்று, கடைசியாக இரண்டு எழுத்துகள். அவற்றில் முதலாவது 'ஜே', அடுத்தது தேய்ந்துவிட்டது. பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல '5=8' என்று இருக்கிறது. இணையத்தில் கிடைத்த அட்டவணை ஒன்றில் 'எம்' என்றால் 1807 என்று போட்டிருக்கிறது. சரிதானா? செய்தவர் யார்?

இரண்டாவது ஒரு தட்டு. நான்கு சிறு கட்டங்களில் ஈ, பி, என், எஸ் என்று எழுத்துகள் மட்டும். மூன்றாவது ஒரு கிண்ணம். சுற்றிலும் சாமி உருவங்கள், முத்திரையே இல்லை.

கடைவீதியில் ஒருவரிடம் காட்டினேன். குவளையைத் தராசில் போட்டு, உருக்கினால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகை சொன்னார். அடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிவீதியார் எழுதியது:

தம்பி, உருக்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

நான் பர்மிங்ஹாமில் ஓர் ஏல நிறுவனத்தில் வெள்ளிச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் இருக்கிறேன். பெட்டியைத் திறந்த மறுநொடி எல்லோரும் கேட்பது 'செய்தவர் யார்?' என்பதைத்தான். உண்மையில் அதுதான் கடைசியாகக் கேட்க வேண்டியது. தரம், ஊர், ஆண்டு மூன்றும் தெரியாமல் இரண்டு முதலெழுத்துகளை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் ஒரே எழுத்துகளில் இருபது பேர் வந்து நிற்பார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் எவரோ அவர்தான் செய்தார் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும்!

சிங்கத்திலிருந்து தொடங்குவோம். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரத்தின் முத்திரை. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள். நீங்கள் பூனை என்று சொல்வது சிறுத்தைத் தலை. வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் சோதனைச்சாலையின் அடையாளம். பர்மிங்ஹாமாக இருந்தால் நங்கூரம் இருக்கும், எடின்பரோவாக இருந்தால் கோட்டை. ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதன் பிறகு ரோஜா. ஆக, உங்கள் குவளை லண்டனில் சோதிக்கப்பட்ட நல்ல வெள்ளி. இதில் சந்தேகம் இல்லை.

இப்போது 'எம்'. லண்டனில் ஆண்டெழுத்து வழக்கம் 1478இலேயே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஓர் எழுத்தாக இருபது எழுத்துகள் ஒரு சுற்று. 'ஜே'யை விட்டுவிடுவார்கள், 'யு' அல்லது 'வி' வந்ததும் சுற்று முடிந்துவிடும். அடுத்த சுற்றில் எழுத்தின் வடிவத்தையோ அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையோ மாற்றி மறுபடி 'ஏ'யிலிருந்து தொடங்குவார்கள். இதனால் உங்கள் குவளையில் இருப்பதுபோன்ற சாதாரணப் பெரிய 'எம்' 1727இலும் வருகிறது, 1807இலும் வருகிறது, 1887இலும் வருகிறது. அட்டவணையில் நீங்கள் முதலில் கண்ட 'எம்'மைப் பிடித்துக்கொண்டீர்கள். எழுத்து மட்டும் ஆண்டைச் சொல்லாது. கூட நிற்கும் முத்திரைகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நீள்வட்டத்துத் தலை வரி கட்டியதற்கான அடையாளம். வெள்ளிச் சாமான்களுக்கு அரசாங்கம் தீர்வை வாங்கிக்கொண்டு ஆள்பவரின் தலையைப் பொறித்த காலம் 1784 முதல் 1890 வரை. ஆகவே 1727 போய்விட்டது. மிச்சம் இரண்டு. பெண் தலை என்பதால் விக்டோரியா என்று உடனே சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் ஜார்ஜின் தலையில் இலைமாலையும் பின்னால் அதன் நாடாவும் இருக்கும். தேய்ந்த முத்திரையில் அது கொண்டை போலவே தெரியும். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். 1807இல் ஜார்ஜ் வலப்பக்கம் பார்ப்பார், விக்டோரியா இடப்பக்கம். அடுத்து சிறுத்தையின் உச்சந்தலை. 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு, பிறகு எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் சிங்கமும் மாறியது: முன்பு முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்தது, பிறகு நேராகத் தன் வழியைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டது. பூனை முகம் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கிரீடம் இருந்திருந்தால் பூனை நினைவு வந்திருக்காது. என் கணக்கு 1887. அந்தக் காலத்தில் அங்கே எழுத்து மாறியது மே மாதக் கடைசியில் என்பதால் 1887–88 என்று எழுதிக்கொள்ளுங்கள். விக்டோரியா அரியணை ஏறிய பொன்விழா ஆண்டு அது. லண்டனில் வெள்ளி நன்றாக விற்றிருக்கும்.

ஆண்டு தெரிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. முத்திரை இந்தக் குவளைக்கே உரியதா? 18ஆம் நூற்றாண்டிலேயே வரிக்குப் பயந்த சில கொல்லர்கள் சிறு சாமான் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, முத்திரை விழுந்த துண்டை வெட்டிப் பெரிய சாமானின் அடியில் பற்றவைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கச் செலவு இல்லை. குவளையின் அடியில் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். முத்திரைகளைச் சுற்றி வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு கோடு தோன்றி மறைந்தால் அது பற்றவைத்த இடம். அழித்துவிட்ட பழைய பெயர்ப் பொறிப்புகளும் இப்படித்தான் வெளிவரும்.

'5=8' என்பது எடை. ஐந்து டிராய் அவுன்ஸ், எட்டு பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். ஆக, ஏறக்குறைய 168 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் துலக்கித் துலக்கித் தேய்ந்தது. இருபது கிராம் கூடினால் யாரோ கைப்பிடியையோ காலையோ பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள்.

தட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்த நான்கு எழுத்துகளும் நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம். நிக்கல் சில்வர் என்பது நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே, அதுதான். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் கிடையாது, மேலே உள்ள முலாம் மட்டுமே வெள்ளி. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற முறை அது. எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் போட்டதே தூரத்திலிருந்து பார்ப்பவர் சிங்க முத்திரை என்று நினைக்கட்டும் என்றுதான். முறுக்குத் தட்டாகப் பயன்படுத்துங்கள்.

தேய்ந்த எழுத்துக்கு: மெழுகுவத்திச் சுடருக்கு மேலே முத்திரையை ஒரு கணம் காட்டி, கண்மைக்குக் கரி பிடிப்பது போல மெல்லியதாகப் புகை படியவிடுங்கள். அதன் மேல் கண்ணாடி டேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். அதுவரை விபூதி போட்டுத் துலக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான். விளக்கு பளபளக்கும், எழுத்து போய்விடும்.

உரைகல் எழுதியது:

வெள்ளிவீதியார் அம்மா சொன்னதற்கு மேல் குவளையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கும்பகோணத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன். கிண்ணத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முத்திரை இல்லை என்பதால் அது வெள்ளி இல்லை என்று ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் லண்டன் போலச் சோதனைச்சாலை இருக்கவில்லை. முத்திரை போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்கத்தாவின் ஹாமில்டன் போன்ற பெரிய கடைகள் தங்கள் சொந்த அடையாளங்களைப் போட்டுக்கொண்டன. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். சாமி உருவங்களை நகாசு வேலையில் எழுப்பும் இந்தப் பாணிக்கு வெள்ளைக்காரர்கள் 'சுவாமி சில்வர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கடை பெயர் போட்டது. தட்டி எழுப்பிய ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை.

கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கையால் தட்டியதாக இருந்தால் வெளியே புடைத்த உருவத்துக்கு நேராக உள்ளே குழிவு இருக்கும். உளி விழுந்த தடமும் விரலுக்குத் தட்டுப்படும். உட்பக்கம் வழவழவென்று இருந்தால், உள்ளே வேறொரு தகட்டைப் பொருத்தியிருக்கிறார்கள் அல்லது வார்ப்பு. அடியில் ஓரமாக ஓர் உரசல் உரசினால் தரம் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயை உருக்கித்தான் நிறைய வேலை நடந்தது. ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே நூற்றுக்கு 91, 92 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு ஜோடி மெழுகுவத்தித் தாங்கிகள் இருக்கின்றன. சிங்கம், நங்கூரம், சின்ன 'ஓ' எழுத்து. தலை இல்லை. நங்கூரம் இருப்பதால் கப்பலில் பயன்படுத்தியது என்று விற்றவர் சொன்னார். கையில் எடுத்தால் நல்ல கனம்.

வெள்ளிவீதியார் எழுதியது:

கப்பலும் இல்லை, கடலும் இல்லை. கடலே எட்டாத பர்மிங்ஹாம்தான்! 1773இல் சோதனைச்சாலை வந்ததிலிருந்து எங்கள் ஊர் அடையாளம் நங்கூரம். தலை இல்லாததால் 1890க்குப் பிந்தையது. எழுத்து சாதாரண அச்சு வடிவில் இருந்தால் 1913–14. கனத்தை நம்பாதீர்கள். இவ்வகைத் தாங்கிகள் மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் கீல் என்னும் தார் போன்ற பொருளை நிரப்பிச் செய்தவை. எடைக்கு வாங்கியிருந்தால் கீலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

நீலகிரிவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தலை இடப்பக்கம் பார்க்கிறது. சிறுத்தைக்குக் கிரீடம் இல்லை. சிங்கம் நேராகத்தான் நடக்கிறது. ஊதிப் பார்த்ததில் முத்திரையைச் சுற்றிக் கோடு எதுவும் வரவில்லை. கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும் வந்தது. எடை 166 கிராம். கிண்ணத்தின் உள்ளே ஒவ்வொரு சாமிக்குப் பின்னாலும் குழிவு இருக்கிறது. நந்தியின் முதுகில் உளி சற்று ஆழமாகவே இறங்கியிருக்கிறது. டேப்பில் எழுத்தும் வந்துவிட்டது: 'ஜே', 'பி'. நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் உள்ள கட்டம் நீள்சதுரம், மூலைகள் வெட்டுப்பட்டவை. இப்போதாவது பெயரைச் சொல்வீர்களா அக்கா?

வெள்ளிவீதியார் எழுதியது:

கைப்பிடியில் கோடு வருவது இயல்பு. அதைத் தனியாகச் செய்து பற்றவைப்பார்கள். இரண்டு கிராம் தேய்மானம் அம்மாவின் விபூதிக்கு.

'ஜே.பி.' என்ற எழுத்துகளில் லண்டனில் பதிந்தவர்கள் பலர். அந்தப் புள்ளியும் வெட்டுப்பட்ட மூலையும்தான் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரிக்கும். டேப் பதிவை அளவுகோல் ஒன்றின் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து இங்கே போடுங்கள். சாய்த்து எடுத்தால் நீள்சதுரமும் நீள்வட்டமும் ஒன்றாகத் தெரியும். 1887க்கு முன்பு பதிவானவர்களாகப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஏலம் இருக்கிறது. சனிக்கிழமைக்கு மேல் பதில் வரும்.